உரல் கடைசியாகத்தான் அசையும்

1

இந்தக் கதை ஒரு போர்வைக்குள் தொடங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பொய்யன் என்பீர்கள்.

எனக்குச் சளி. ஐப்பசி மழைக்கு முன்னால் அடிக்கிற ஈரக்காற்று எனக்கு எப்போதுமே ஆகாது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு மருமகள் வானதி ஒரு சட்டியில் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்தேன். போர்வைக்கு வெளியே அவள் என் மகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மகன் தமிழ்மாறன் கத்தாரில் இருக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மதியம் இரண்டு பேரும் செல்போனில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு பூதம் வளர்க்கிறார்கள். பூதத்துக்கும் பூதத்துக்கும் சண்டை. நான் அதை ஒருநாளும் மதித்ததில்லை. கல்யாணமான இரண்டு பேர் பேச வேண்டியதைப் பேசாமல் பொம்மையை மோதவிட்டால் அது என்ன குடும்பம் என்று நினைப்பேன். வெளியே சொன்னதில்லை. சொன்னால் சோறு ஆறிப்போய் வரும்.

அன்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் காது கேட்டது.

"அடிங்க."

"மாட்டேன்."

"ஏன், பயமா?"

"நீ திருப்பியடி போட்டு வெச்சிருக்கே. நான் அடிச்சா என் சரவெடி காலி."

"அடிக்கலன்னா எப்படி வெளையாடுறது?"

"நீ அடி."

"என் உரல் கடைசியாத்தான் அசையும்."

"அப்ப நிக்கட்டும்."

போர்வைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியே இரண்டு பூதங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. இதுதான் தொடக்கம். இதில் வயல் இல்லை, தண்ணீர் இல்லை, குணசேகரன் இல்லை. அதெல்லாம் பிறகு வந்தது.

[மேலே இருக்கிற கடைசி இரண்டு வரியும் தப்பு. ஏன் தப்பு என்று ஏழாம் பகுதியில் வரும். அடிக்காமல் விட்டிருக்கிறேன். எழுதியபோது அப்படித்தான் நம்பினேன்.]

2

எப்படித் தொடங்குவது என்று பலவிதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது இது:

"கருமேகம் சூழ்ந்த வானம் கண்ணீர் வடிக்க, பச்சைப் பயிர்கள் பரிதவித்து—"

அதற்குமேல் கை ஓடவில்லை. மேகத்தைப் பார்த்தால் இன்றைக்கு உரம் போடலாமா கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றும். இந்த வரி படித்தவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியது. நான் ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பும் முழுசாக இல்லை.

அடுத்தது:

"ஓர் ஊரில் இரண்டு விவசாயிகள் இருந்தார்கள். ஒருவன் நல்லவன். இன்னொருவன்—"

இதையும் விட்டுவிட்டேன். எழுதுகிறவன் எந்தப் பக்கம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது:

"நான் ரெத்தினம். என் பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் நிற்கிறது. நுனி மட்டும் தெரிகிறது. நட்டுக் கொஞ்ச நாளான பயிர் இப்படி முழுகினால் சில நாள் தாங்கும், அப்புறம் அழுகும். அழுகினால் எனக்கு இந்த வருஷம் சம்பா இல்லை. கதை கெட்டால் கெடட்டும், பயிர் கெடக்கூடாது.

பயிர் முழுகும்போது உட்கார்ந்து கதை எழுதுகிறவனை நீங்கள் நம்பக்கூடாது. நானாக இருந்தால் நம்பமாட்டேன். ஆனால் என் கையில் பேனா இல்லாவிட்டால் மண்வெட்டி இருக்கும். மண்வெட்டி இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பேனா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் வருகிற கதைகளை நான் நம்புவதில்லை. எழுதுகிறவனுக்கு முடிவு தெரியும், தெரியாத மாதிரி நடிப்பான். இதில் அந்த நடிப்பு கிடையாது. எனக்கு முடிவு தெரியாது.

3

திருப்பியடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டுத் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கே புரிந்துவிட்டது.

சளி கொஞ்சம் விட்ட பிறகு வானதியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு மாமா இதெல்லாம்?"

"தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"போன வாரம் இந்தப் போனைத் தூக்கிக் கெணத்துல போடச் சொன்னீங்க."

"போன வாரம் சொன்னேன். இந்த வாரம் கேக்குறேன்."

காட்டினாள். அவள் பூதம் குட்டையாக, கல் நிறத்தில், தலையில் ஒரு குழியோடு இருந்தது. அதனால் உரல் என்று பெயர் வைத்திருக்கிறாள். மகனுடையது சிவப்புக் கோழி மாதிரி, வாலில் தீ. அதன் பெயர் சரவெடி. கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் வேறு. என் வாயில் நுழையாது.

சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு வேலை. அடிக்கலாம், தடுக்கலாம், பலம் ஏற்றிக்கொண்டு சும்மா இருக்கலாம். திருப்பியடி உரலுக்கென்று உள்ள ஒரு வேலை. அதை அழுத்திவிட்டால் அந்தச் சுற்றில் உரல் கடைசியாகத்தான் அசையும். எதிரி அடித்தால் வாங்கிக்கொள்ளும். வாங்கியும் உயிர் மிஞ்சினால், வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். எதிரி அடிக்கவே இல்லை என்றால் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிற்கும். அவ்வளவுதான். அந்தச் சுற்று வீண்.

"அப்ப அடி வாங்கினாத்தான் அடிக்க முடியும்."

"ஆமா மாமா."

"வாங்கினதா நெனச்சுக்கிட்டு அடிச்சா?"

"அதெல்லாம் நடக்காது. வாங்குச்சா இல்லையான்னு கேமுக்குத் தெரியும்."

"யாரு மொதல்ல அடிச்சாங்கன்னு?"

"அதுவும் தெரியும். கீழ எழுதியே காட்டும் பாருங்க."

காட்டியது. சரவெடி அடித்தது. உரலுக்கு அடி விழுந்தது. உரல் திருப்பி அடித்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத்தில் வந்தது. யாரும் மறுக்க முடியாது.

அந்த எழுத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. வரப்பில் அப்படி எழுதிக் காட்ட ஆள் இல்லை. வரப்பில் நிற்கிற எவனைக் கேட்டாலும் தான் இரண்டாவதாகத்தான் அடித்ததாகச் சொல்வான்.*

* வருகிற பொங்கலுக்கும் ஊருக்கு வர முடியாது என்று தமிழ்மாறன் சொன்ன நாளில்தான் வானதி சுற்றுக்குச் சுற்று திருப்பியடியை மட்டுமே அழுத்தினாள். அதுதான் நான் போர்வைக்குள் கேட்ட சண்டை. அவன் கடைசிவரை அடிக்கவில்லை. அவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. இது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம். அதனால்தான் கீழே போட்டிருக்கிறேன்.

4

இப்போது வயல்.

வாய்க்கால் தண்ணீர் முதலில் என் வயலுக்கு வரும். என் வயலின் கீழ் வரப்பில் ஒரு மடை இருக்கிறது. மடை என்றால் தண்ணீர் போக வரப்பில் விட்டிருக்கிற வாய். அது வழியாகத் தண்ணீர் குணசேகரன் வயலுக்குப் போகும். அவர் வயலைத் தாண்டினால் வடிகால். காய்கிற காலத்தில் அவருக்குத் தண்ணீர் என் வழியாக. மழைக்காலத்தில் என் தண்ணீர் வெளியே போவது அவர் வழியாக. ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டு விவசாயம் செய்கிறோம்.

என் வயல் ஒரு காலத்தில் குணசேகரன் வீட்டு வயல். அவர் அப்பா விற்றார், நான் வாங்கினேன். என் அப்பா அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். குணசேகரனின் அப்பாவை, எஜமான் என்கிற அர்த்தத்தில், 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். [இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மேல் வயல் யாருடையது, கீழ் வயல் யாருடையது என்பதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.] நான் குணசேகரனைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறேன். வயதில் அவர் எனக்குத் தம்பிதான். ஆனால் வயதுக்காக நான் அப்படிக் கூப்பிடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னை நாலு பேர் முன்னால் 'அண்ணன்' என்பார். வரப்பில் 'ரெத்தினம்' என்பார்.

முதலில் எழுதும்போது அவரை 'அவன்' என்று எழுதியிருந்தேன். வானதி படித்துவிட்டு, "நாலு பேரு படிக்கிறது மாமா, மரியாதையா எழுதுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் இருக்கட்டும்.

நடவு முடிந்ததும் களைக்கொல்லி போட்டேன். போட்டால் மடையை அடைத்துத் தண்ணீரைச் சில நாள் வயலிலேயே கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்துத் தண்ணீர் கீழ் வயலுக்குப் போகும். குணசேகரனுக்கு முதல் விதைப்பு சரியாக முளைக்காமல், மறுபடி விதைத்து, அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. என் மருந்து போயிருந்தால் அவ்வளவும் கருகியிருக்கும். அதனால் அடைத்தேன். அவருக்காகவே அடைத்தேன் என்று பெருமை பேசமாட்டேன். மருந்து என் வயலில் நின்றால்தான் என் களை சாகும். இரண்டும் உண்டு.

மருந்துக்காக அடைத்த மடை என்றால் எங்கள் பக்கத்தில் அடைப்பின்மேல் ஒரு நொச்சிக் கொத்தை ஒடித்து நட்டு வைப்போம். நொச்சி நின்றால், மருந்து போட்டிருக்கிறது, பொறுத்துக்கொள் என்று அர்த்தம். நொச்சி இல்லாமல் அடைத்திருந்தால், உனக்குத் தண்ணீர் இல்லை, உன்னால் ஆனதைப் பார் என்று அர்த்தம். ஏன் நொச்சி என்றால் ஆடு மாடு அதைக் கடிக்காது. யாரும் வாய்விட்டுப் பேசவேண்டியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட இதை வைத்துக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

நான் நட்டேன். என் கையால் நட்டேன்.

5

[இந்தப் பகுதியில் என் அப்பாவைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அதைப் படித்தால் நீங்கள் என் பக்கம் வந்துவிடுவீர்கள். எனக்கு லாபம்தான். இருந்தாலும் வேண்டாம்.]

6

குணசேகரனைக் கெட்டவராக எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஒரு பெரிய மீசை வைத்துப் பார்த்தேன். அவருக்கு மீசையே கிடையாது. பட்டுக்கரை வேட்டி கட்டிவிட்டுப் பார்த்தேன். அவர் கைலியும் பழைய சட்டையுமாகத்தான் வயலுக்கு வருவார். திருச்சியில் வேலை பார்த்துவிட்டு அப்பா இறந்த பிறகு வந்தவர் என்பதால் நொச்சி விஷயம் அவருக்குத் தெரியாது என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடியும். ஆனால் அவருக்குத் தெரியும். போன வருஷம் அவர் வயலுக்கு மருந்து போட்டபோது, என் தண்ணீர் உள்ளே வராமல் மடையை அடைத்து அவரே நட்டு வைத்திருந்தார், என்னைவிடப் பெரிய கொத்தாக.

சும்மா சொல்லவில்லை, அவர் கெட்டவர் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து வேலை செய்து முடிந்து மடையைத் திறக்கப் போனேன். மடைக்கு அந்தப் பக்கம், அவர் வயலுக்குள், மணல் மூட்டை அடுக்கிக் களிமண் அப்பியிருந்தது. அவரும் அங்கேயே நின்றார்.

"என்ன தம்பி இது?"

"பாத்தா தெரியல? அணை."

"எதுக்கு?"

"நீங்க அந்தப் பக்கம் அடைச்சீங்க, நான் இந்தப் பக்கம் அடைச்சேன். சரியாப் போச்சு. எஞ்சின் வெச்சுப் பக்கத்து வாய்க்கால்லேருந்து எறைச்சுக்கிட்டேன். இனிமே உங்க தண்ணி எனக்கு வேணாம்."

"நான் மருந்துக்கு அடைச்சேன். நொச்சி வெச்சிருந்தேன்ல?"

"எங்க?"

குனிந்து பார்த்தேன். அடைப்பின்மேல் கொத்து நின்ற இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

"இங்கதான் நட்டேன். யாரோ புடுங்கியிருக்காங்க."

"யாரோன்னா யாரு?"

"யாருக்கு லாபமோ அவங்க."

"ரெத்தினம், எங்க வீட்டுக் கொல்லையில வேலியே நொச்சிதான். உங்க ஒத்தக் கொத்தத் திருடி நான் என்ன பண்ணப் போறேன்?"

"அப்ப ஆடு தின்னுருச்சா?"

"ஆடு எங்க நொச்சியத் திங்கும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

இரண்டு பேரும் அந்த ஓட்டையைப் பார்த்தோம். வானம் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"மூட்டைய எடுங்க தம்பி. மழை வருது. எனக்கு வேற வடிகால் கெடையாது."

"என் பயிரு காஞ்சு நின்னப்ப நீங்க வந்து பாத்தீங்களா? ரெண்டு எல, சுருண்டு கெடந்துச்சு. இப்ப உங்களுது கொஞ்சம் நனையட்டும்."

"அப்ப நானே எடுத்துக்குறேன்."

"மூட்டை என் எடத்துல இருக்கு. கை வெச்சீங்கன்னா போலீசுக்குப் போவேன்."

போய்விட்டார். 'கொஞ்சம் நனையட்டும்.' இந்த வார்த்தைக்காகத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். இவர் நொச்சியைப் பிடுங்கிவிட்டு, என்னை அடித்துவிட்டு, அடி வாங்கியவர் மாதிரி பேசுகிறார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் இந்தக் கதையாக இருந்திருக்க வேண்டும்.

7

மழை பெய்தது. அது சாதாரண மழை இல்லை, அது ஒரு—

மழை. விடுங்கள்.

என் வயலில் தண்ணீர் ஏறி நின்றது. பயிர் முழுகியது. வரப்பில் நின்று பார்த்தேன். அப்போது உரல் ஞாபகம் வந்தது.

நிற்கிற தண்ணீர் அவ்வளவும் நான் வாங்கிய அடி. அவர் மூட்டையில் நான் கை வைக்க முடியாது. ஆனால் இரண்டு வயலுக்கும் இடையில் இருக்கிற நடு வரப்பு என்னுடையது. அதை எங்கே வெட்டினாலும் கேட்க ஆள் இல்லை. மடை வழியாகப் போகிற தண்ணீர் மெல்லப் பரவிப் போகும். நடு வரப்பை வெட்டிவிட்டால் அப்படிப் போகாது. கட்டி நிற்கிற தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் போய் அந்த இரண்டு இலைப் பயிரைச் சேற்றோடு உருட்டி வடிகாலில் கொண்டு சேர்க்கும். என் பயிர் பிழைக்கும். அவருக்கு மூன்றாவது தடவை விதைக்கப் பருவம் இருக்காது. வாங்கியது இரண்டு மடங்காகத் திரும்பும்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தேன்.

"இந்த மழையில எங்க மாமா?"

"வரப்பு வெட்ட."

"சளியே இன்னும் முழுசாப் போகல. நனைஞ்சுட்டு வந்து மறுபடியும் ஆவி புடிக்கணும்பீங்க. நொச்சிக்கு நான் எங்க போறது?"

"அன்னிக்கு எங்க போனே?"

"நம்ம வயலுக்குத்தான். மடைகிட்ட ஒரு கொத்து நின்னுச்சு. பச்சையா, பூச்சி இல்லாம."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"நின்னுச்சா, நட்டிருந்துச்சா?"

"நொச்சிய யாரு மாமா நடுவா? அது பாட்டுக்கு வரப்புல முளைக்கும்."

வானதி தரங்கம்பாடிப் பெண். அவள் அப்பாவுக்குப் படகு. காற்று எப்போது திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். மடை தெரியாது. நாங்களும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தோம்.

"ஏன் மாமா? தப்பா?"

"இல்ல. வாசனையா இருந்துச்சு."

ஆக, நான் நட்ட அடையாளத்தை நானே மூக்கால் இழுத்து உள்ளே விட்டிருக்கிறேன். போர்வைக்குள் வயல் இல்லை, தண்ணீர் இல்லை, குணசேகரன் இல்லை என்று எழுதினேன். எல்லாம் அந்தச் சட்டியில்தான் வெந்துகொண்டிருந்தது.

[இந்த இடத்தில் நான் சிரித்தேனா, கண் கலங்கினேனா என்று எழுத வேண்டுமாம். இரண்டும் இல்லை. தும்மினேன்.]

இப்போது கதையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குணசேகரன் வந்து பார்க்கிறார். மடை அடைத்திருக்கிறது. நொச்சி இல்லை. உனக்குத் தண்ணீர் இல்லை என்று நான் சொன்னதாக ஆகிறது. பயிர் சுருண்டு கிடக்கிறது. அவர் கணக்கில் முதல் அடி என்னுடையது. மூட்டை அடுக்கியது அவருடைய திருப்பியடி. என் கணக்கில் மூட்டைதான் முதல் அடி. இப்போது நான் வரப்பை வெட்டினால் அது என்னுடைய திருப்பியடி. செல்போனாக இருந்தால் கீழே எழுதிக் காட்டியிருக்கும்: ரெத்தினம் அடிக்கவில்லை. ரெத்தினத்துக்குச் சளி.

வானதியை நான் திட்டவில்லை. திட்டினால் ஆவி பிடித்தது யார் என்று கேட்பாள்.

இதனால் குணசேகரன் நல்லவர் என்று எழுதிவிடமாட்டேன். மழை வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே 'கொஞ்சம் நனையட்டும்' என்று சொன்னவர்தான். வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்டுப் பழகவில்லை, அதற்குத்தான் நொச்சி.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.

(அ) ரெத்தினம் வரப்பை வெட்டுகிறான். தண்ணீர் பாய்கிறது. கதை பிரமாதமாக முடியும். நாலாம் பகுதியில் 'ஆண்டே' என்று ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறேன் அல்லவா, அதற்கும் சேர்த்துப் பதில் சொன்ன மாதிரி இருக்கும். படிக்கிறவர்களில் பாதிப் பேர் கைதட்டுவார்கள். எனக்கும் அதில் ஆசை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நொச்சியை யார் எடுத்தது என்று தெரிந்த பிறகு வெட்டினால் அது திருப்பியடி இல்லை. வெறும் அடி. அப்புறம் பூதங்களுக்கு ஒரு சண்டை முடிந்தால் அடுத்த சண்டைக்கு முழு உயிர் வந்துவிடும். பயிருக்கு வராது.

(ஆ) ரெத்தினம் குணசேகரன் வீட்டுக்குப் போய், "தம்பி, அந்த நொச்சிய நான்தான் ஆவி புடிச்சுட்டேன்" என்கிறான். இதைக் கை எழுதிவிட்டது. கால் போகமாட்டேன் என்கிறது. அந்த வீட்டு வாசலில் என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற இடம் எனக்குத் தெரியும். அங்கே நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது. பயிர் அழுகினாலும் முடியாது. இதைப் பிடிவாதம் என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம்.

(இ) வானதி சொன்னது.

"போன்ல சொல்லிடுங்க மாமா."

"அவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே."

"சிரிப்பு என் காதுல விழுந்துச்சுன்னா நான் வெட்டிருவேன்."

(ஈ) தமிழ்மாறன் சொன்னது. அவனும் போனில்தான்.

"அப்பா, நீங்க ஒரு சுத்து சும்மா இருங்க. நான் அப்படித்தான் வானதிகிட்ட தப்பிப்பேன்."

"சும்மா இருந்தா பயிரு அழுகுண்டா. சரி, அன்னிக்கு கடைசியில யாரு ஜெயிச்சீங்க?"

"யாரும் ஜெயிக்கல. அவ போன்ல சார்ஜ் போயிருச்சு."

(உ) மழை நிற்கிறது, தண்ணீர் தானாக வற்றுகிறது, இருவரும் சிரித்துக்கொண்டு—

மழை நிற்கவில்லை.

9

இந்தப் பகுதி நான் எழுதியது இல்லை. மழையில் காகிதம் தாங்காது. நான் சொல்லச் சொல்ல வானதி குடைக்குள் நின்று போனில் எழுதுகிறாள். நடு வரப்பில் நிற்கிறோம்.

புறப்படுவதற்கு முன்னால் எட்டுப் பகுதியையும் வானதியைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். குணசேகரன் நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். அவரும் படிக்கத் தெரிந்தவர்தானே. நீங்கள் பிறகு படிக்கிறீர்கள், அவர் முதலில் படிக்கட்டும். அந்த வாசலில் போய் நிற்காமல் சொல்ல எனக்கு இந்த வழிதான் இருந்தது. கதை என்று தொடங்கியதை இதற்குப் பயன்படுத்திக்கொண்டேன் என்று நீங்கள் கோபப்பட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

வானதி தயங்கினாள்.

"மீசை வெச்சுப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே, அதையுமா?"

"அதையும்."

"வரப்ப வெட்டி அவரு பயிர உருட்டி விடலாம்னு நெனச்சது?"

"அதையும்தான். நல்லதா மட்டும் பொறுக்கி அனுப்பினா அவரு நம்பமாட்டாரு. நானா இருந்தா நம்பமாட்டேன்."

அனுப்பிவிட்டாள். வரும் வழியில் ஒரு நொச்சிக் கொத்தை ஒடித்து வந்து மடைமேல் நட்டேன். இந்தத் தடவை வானதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நட்டேன். மண்வெட்டியையும் கையில் வைத்திருக்கிறேன். அவரை நான் நம்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயிர் நுனி இன்னும் தெரிகிறது. நாளைக்குத் தெரியாது.

"மாமா, ரெண்டு கோடும் நீலமாயிருச்சு. படிச்சிட்டாரு."

"பதில் ஏதும் போட்டாரா?"

"இல்ல."

பிறகு கீழ் வயலின் கோடியில், வடிகால் பக்கமாக, ஒரு குடை தெரிந்தது. எனக்குத் தூரப் பார்வை சரியில்லை. நடையை வைத்துச் சொல்கிறேன், அது அவர்தான்.

"கையில என்னம்மா வெச்சிருக்காரு?"

"மம்புட்டி மாமா."

மூட்டையை எடுக்கவும் மண்வெட்டி வேண்டும். மேற்கொண்டு களிமண் அப்பவும் அதே மண்வெட்டிதான். என் கையில் இருப்பதும் அதுதான்.

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"கொடை மறைக்குது. கிட்ட வரட்டும், சொல்றேன்."

வேண்டாம் என்றேன். போனையும் மூடி வைக்கச் சொல்லப்போகிறேன். இதற்குமேல் நான் சொன்னால் என் பக்கம் சாய்த்துத்தான் சொல்வேன். குடை மடையை நெருங்கிவிட்டது. அவர் குனிகிறார். முதலில் என்ன செய்கிறார் என்று நீங்கள் சொல்லுங்கள். அதுவரை நான் அசையமாட்டேன்.